தவழாத பேத்தியும் சோத்துக்கைப் பேரனும்: மூதூர்ப் பக்கத்து வளவொன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒன்பது மாத ஊசிக்கு வந்த பெண்பிள்ளை ஒன்று புரளவும் இல்லை, தவழவும் இல்லை என்று கிளினிக்கில் குறித்து என்னிடம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போன வீட்டில், யாருமே கவலைப்படாத இன்னொரு பிள்ளையிடம்தான் உண்மையான கோளாறு இருந்தது. இருவரும் ஒரே அம்மம்மாவின் மடியில் வளர்கிறவர்கள். ஒரே வளர்ப்புமுறை ஒரு பிள்ளையைப் பின்தங்கியவள்போலக் காட்டியது. மற்றப் பிள்ளையின் நோயைக் கெட்டித்தனமாகக் காட்டியது. குழந்தைகளின் அசைவு வளர்ச்சியைப் பார்க்கிற இயன்மருத்துவர் என்ற முறையில், அந்த இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

பெற்றோரின் சம்மதம் பெறப்பட்டுள்ளது. ஊர், குடும்பம் பற்றிய அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.

வளவும் வீடும்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கொட்டியாரப் பக்கத்துத் தமிழ் ஊர்களில் வீடு பெரும்பாலும் மகளுக்குத்தான் போகும். மருமகன் மனைவியின் தாய்வீட்டுப் பக்கம் குடிவருவார். அக்காவின் வீடு, தங்கையின் வீடு, நடுவே கிணறு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு அம்மம்மா. இந்த வளவிலும் அதே அமைப்புத்தான். அக்காவின் மகளுக்கு அப்போது பத்து மாதம், தங்கையின் மகனுக்கு ஏழு மாதம். தகப்பன்மார் இருவரும் கடலுக்கும் கூலிவேலைக்கும் மாறிமாறிப் போகிறவர்கள். தாய்மார் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் பிள்ளை எங்கே படுப்பது, எப்போது குளிப்பது, யார் தூக்குவது என்பதெல்லாம் அம்மம்மாவின் தீர்ப்பு.

அவர் 2006ஆம் ஆண்டுச் சண்டையில் ஊரைவிட்டு ஓடியவர். கிளிவெட்டியில் முகாம் வாழ்க்கை வருடக்கணக்காக நீண்டது. 2015க்குப் பிறகே சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறார். கடைசி மகனை வளர்த்தது தறப்பாள் கொட்டிலில். மாரியில் தரை ஊறிவிடும். பூரான் வரும், தேள் வரும், சிலநேரம் பாம்பும் வரும். "நிலத்தில கிடத்திப்போட்டுத் தண்ணிக்கு வரிசையில நிக்க ஏலுமா மகள்?" என்று என்னைக் கேட்டார். கொட்டிலின் வளையில் ஏணையைக் கட்டி அதிலேயே அந்தப் பையனை வளர்த்தெடுத்திருக்கிறார். இன்று அவருக்கு வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, வழவழப்பான சீமெந்துத் தரை. தரையைப் பற்றிய அவர் கணக்கு மட்டும் மாறவில்லை. அன்று பூச்சி, இன்று குளிர். "சீமெந்தில விட்டா நெஞ்சுச்சளி கட்டும்."

எங்கள் துறையில் இப்படிப்பட்டவற்றை எல்லாம் 'பாரம்பரியம்' என்று ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் பாதிக்குமேல் இருப்பது யுத்தம். இடம்பெயராத உறவினர்கள் இருக்கிற சாம்பல்தீவிலோ தம்பலகாமத்திலோ அதே வயதுப் பிள்ளைகள் முற்றத்து மண்ணில் புரண்டுகொண்டிருப்பதை நான் தாராளமாகக் கண்டிருக்கிறேன்.

வளர்ச்சி விவரம் எடுக்கும்போது "பிள்ளை என்னென்ன செய்யும்?" என்று கேட்பதைவிட, "நேற்று விடிஞ்சதிலிருந்து பிள்ளை எங்கெங்கே இருந்தது?" என்று கேட்பது எனக்குக் கூடுதல் தகவலைத் தரும். அந்தப் பெண்பிள்ளையின் முந்தைய நாள் இப்படி அமைந்திருந்தது: காலையில் ஏணை. பிறகு அம்மம்மாவின் இடுப்பில் கோழிக்கூடுவரையும் வேலியடிவரையும் உலா. பேசினில் குளிப்பு, பவுடர், பொட்டு, மீண்டும் ஏணை. மதியம் தாயின் மடி. சமைக்கிற நேரம் வோக்கர், அதுவும் கட்டாரிலிருக்கிற மாமா அனுப்பிய காசில் வாங்கியது. பின்னேரம் அயல்வீட்டுக்காரரின் கைகளில் கைமாறிக் கைமாறி. இரவு தாய்க்குப் பக்கத்தில் மல்லாக்காக நித்திரை. விழித்திருந்த நேரத்தில் அவளுடைய வயிறு ஒருதடவைகூடத் தரையையோ பாயையோ தொடவில்லை.

அன்பு குறைந்த நாள் என்று இதை யாரும் சொல்ல முடியாது. நாள் முழுக்க யாரோ ஒருவர் அவளோடு பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

பேத்தியின் பரிசோதனை

கிளினிக் கொப்பியில் நிறை, நீளம், தலைச்சுற்றளவு மூன்றும் ஒழுங்கான கோட்டில் போயின. நிறைமாதப் பிறப்பு, சுகப்பிரசவம், பிறந்ததும் அழுகை. மஞ்சள் காமாலை அதிகமாகவில்லை, வலிப்பு வந்ததில்லை. பின்தலை சற்றுத் தட்டை; அது மல்லாக்காகக் கிடந்ததன் அடையாளம்.

பாயில் இருத்தியதும் பிடியில்லாமல் உறுதியாக இருந்தாள். இடுப்பைத் திருப்பி இரு பக்கமும் எட்டினாள். நான் தூவிய பொரியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி எடுத்தாள், வலக்கையாலும் இடக்கையாலும். ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். தாயைக் கண்ணால் தேடினாள், பெயரைக் கூப்பிடத் திரும்பினாள், 'சப்பாணி' என்றால் கை தட்டினாள். மார்பில் பிடித்துத் தலைகீழாகப் பாய்க்கு அருகில் கொண்டுபோனபோது இரண்டு கையும் ஒரேநேரத்தில் விரிந்து முன்னால் வந்தன. விழுவதைத் தடுக்க மூளை போடுகிற இந்த உத்தரவு பொதுவாக எட்டு, ஒன்பது மாதமளவில் வரும். அவளிடம் அது சமச்சீராகவே இருந்தது.

குப்புறக் கிடத்தியதும் கதை மாறியது. முகத்தைப் பாயில் ஊன்றினாள், கைகளைப் பக்கவாட்டில் எறிந்தாள், சில நொடியில் அழுகை. நிமிர்த்திப் பிடித்துக் காலைத் தரையில் ஊன்ற வைத்தால் ஊன்றவும் இல்லை. முழங்காலை நீட்டி, தொடையை மேலே தூக்கி, இல்லாத கதிரையில் இருப்பதுபோல அந்தரத்தில் இருந்தாள். தசைகளின் விறைப்பு சற்றுக் குறைவு. தசைநார்ப் பிரதிபலிப்புகள் சாதாரணம்.

அந்தரத்தில் இருக்கிற இந்த நிலை எனக்கு ஒரு கேள்வியைத் தந்தது. தகப்பனின் தாய் தம்பலகாமத்தில் இருந்தார்; தொலைபேசியில் கேட்டோம். "அவனும் தவழ இல்ல. குண்டியாலதான் அரக்கித் திரிஞ்சவன். நடக்கச் சுணங்கினது, எல்லாரும் பயந்தது." பதில் உடனே வந்தது. குண்டியால் அரக்கும் பிள்ளைகள் பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவார்கள். பெரும்பாலும் குப்புறக் கிடப்பதை வெறுப்பார்கள், தசை சற்று இளகியிருக்கும், நடை பிந்தும். நரம்புக் கோளாறு இல்லாவிட்டால் பிறகு மற்றவர்களோடு சேர்ந்துவிடுவார்கள்.

ஆக, இரண்டு காரணங்கள் ஒன்றாக நின்றன: பரம்பரைச் சாயல், வயிறு தரையில் படாத வளர்ப்பு. இதில் எது எவ்வளவு என்று ஒற்றைப் பிள்ளையை வைத்துப் பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

தவழாமை எவ்வளவு பெரிய விஷயம்?

கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நன்றாக வளர்க்கப்பட்ட 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஆறு அசைவுப் படிகளுக்கான கால எல்லைகளை வெளியிட்டது. பிடியில்லாமல் இருப்பது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், கைகளிலும் முழங்காலிலும் தவழ்வது 5.2 முதல் 13.5க்குள், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6க்குள். எல்லைகள் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். அந்தக் குழந்தைகளில் 4.3 வீதமானோர் கைகளிலும் முழங்காலிலும் தவழவே இல்லை. நேராக அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை அதிலிருந்து எடுத்தே விட்டது. அது சரியான முடிவா என்று எங்கள் துறைக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. என் பக்கத்தைச் சொன்னால், தவழ்தலை நான் தொடர்ந்து கேட்பேன்; ஆனால் அது மட்டும் இல்லை என்பதற்காகப் பிள்ளையை நோயாளி ஆக்கமாட்டேன்.

நம்முடைய பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் ஒருவகை வளர்ச்சி அட்டவணைதான். ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி மற்றதை நீட்டி, தலையை நிமிர்த்தி அசைகிற பருவம். ஒன்பதில் சப்பாணி: இருந்தபடி கைகொட்டுவது. பதின்மூன்றில் வருகை: தளர்நடை. சப்பாணிக்கும் வருகைக்கும் பாட்டியல்காரர் (இத்தகைய நூல்களுக்கு இலக்கணம் வகுத்தவர்கள்) சொன்ன மாதங்கள் மேலே உள்ள எல்லைகளுக்குள் அடங்குகின்றன. பாடல்களுக்குள் தவழ்தல் தாராளமாக வந்தாலும் பத்தில் அதற்கென்று ஒரு பருவம் ஒதுக்கப்படவில்லை. குப்புறக் கிடந்து தலைநிமிர்த்துகிற செங்கீரைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பரிசோதகராக எனக்கும் அந்த வரிசை பிடிக்கும். நான் பார்த்த இந்தப் பேத்தியிடம் விடுபட்டிருந்தது அந்தச் செங்கீரைதான்.

வளர்ப்புமுறை எந்த அளவுக்கு அசைவை மாற்றும் என்பதற்கு இரண்டு பழைய ஆய்வுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. 1940இல் வெய்ன் டெனிஸ் அமெரிக்காவின் ஹோப்பிப் பழங்குடியினரிடம், தொட்டிற்பலகையில் துணியால் சுற்றிக் கட்டி வளர்க்கப்பட்ட குழந்தைகளையும், அந்த வழக்கத்தைக் கைவிட்ட ஊர்களின் குழந்தைகளையும் ஒப்பிட்டார். நடக்கத் தொடங்கிய வயதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏணையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 1976இல் சார்ல்ஸ் சூப்பர் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் கண்டது வேறு. அங்கே தாய்மார் பிள்ளைக்கு இருக்கவும் நடக்கவும் வேண்டுமென்றே பழக்குகிறார்கள்; நிலத்தில் சிறு குழி வெட்டி, துணி சுற்றி அதற்குள் இருத்துவார்கள். அந்தப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி இருந்தார்கள், முந்தி நடந்தார்கள். யாரும் பழக்காத தவழ்தலில் அந்த முந்துதல் இல்லை. பழக்கியது முந்துகிறது, பழக்காதது தன் நேரத்துக்கு வருகிறது.

இந்த வளவில் பழக்கியது என்ன? இருத்துவது, கைகொட்டுவது, காட்டுவது, பேசுவது. பேத்தி அத்தனையிலும் முன்னே நின்றாள்.

குளிப்பு மாறிய கதை

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் சுவையானது இந்தப் பகுதி. குப்புறக் கிடத்துவது அம்மம்மாவுக்குத் தெரியாத விஷயம் அல்ல. தன் பிள்ளைகளைக் குளிக்கவார்த்ததை அவர் எனக்குச் செய்து காட்டினார். கிணற்றடியில் பலகைக்கட்டையில் இருந்து, காலை நீட்டி, முதலில் பிள்ளையை மல்லாக்காகக் காலில் கிடத்தி எண்ணெய் பூசி, கைகால் பிடித்து, குறுக்கே மடித்து, பிறகு கவிழ்த்துப் போட்டு முதுகையும் இடுப்பையும் உருவி, வெந்நீர் வார்ப்பது. கவிழ்த்துப் போட்ட பிள்ளை கணைக்கால்களின் மேல் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். நாள்தோறும், மாதக்கணக்காக. வெளிநாட்டுப் பெற்றோருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிற குப்புறப் பயிற்சி இதற்குள்ளேயே இருக்கிறது.

மகள்மார் அதை நிறுத்திவிட்டார்கள். கிளினிக்கில் சொன்ன அறிவுரைதான் காரணம்: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள், மூக்கை இழுக்காதீர்கள், தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுக்காதீர்கள். அத்தனையும் நியாயமான அறிவுரை. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். ஆனால் இளம் தாய்மார் மொத்தக் குளிப்பையும் பழசு என்று ஒதுக்கிப் பிளாஸ்டிக் பேசினுக்கு மாறிவிட்டார்கள். பேசினில் பிள்ளை மல்லாக்காகத்தான் கிடக்கும். மூக்கில் விடும் எண்ணெயோடு சேர்ந்து முதுகு உருவுவதும் போய்விட்டது. அம்மம்மா தரையை மறுத்தார், மகள்மார் காலை மறுத்தார்கள். பிள்ளை குப்புறக் கிடக்க எந்த இடமும் மிஞ்சவில்லை.

மேற்கு நாடுகளிலும் இதற்கு நிகரான ஒன்று நடந்தது. தொட்டிலில் திடீரென நேரும் மரணங்களைக் குறைக்கக் குழந்தைகளை மல்லாக்காகவே நித்திரையாக்கச் சொல்லி 1990களில் பெரிய இயக்கம் நடந்தது. மரணங்கள் பெருமளவு குறைந்தன. பக்கவிளைவாக, மல்லாக்காகத் தூங்கிய பிள்ளைகள் புரளவும் தவழவும் சற்றுப் பிந்தினார்கள், நடப்பதில் பிந்தவில்லை. மல்லாக்கு நித்திரை அறிவுரை இன்றைக்கும் அப்படியே செல்லும். விழித்திருக்கும்போது குப்புறக் கிடத்துங்கள் என்ற அடுத்த வசனத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே நான் ஏணையைக் கழற்றச் சொல்லவில்லை. அம்மம்மாவைப் பழையபடி காலை நீட்டச் சொன்னேன். எண்ணெய் தோலில் மட்டும். மூக்குக்கும் காதுக்கும் வேண்டாம். முதுகு உருவிய பின் சற்று நேரம் அப்படியே விட்டு, முன்னால் கிலுக்கட்டியைக் காட்டட்டும். பத்து மாதப் பிள்ளைக்குக் கணைக்கால் போதாதுதான். தொடைக்குக் குறுக்கே போட்டால் கை தரையை எட்டும். சீமெந்துக் குளிருக்குப் பதில் அவரிடமே இருந்தது: பன்பாயின் மேல் மடித்த பழைய சேலை. "பாயெண்டா சரி" என்று ஒத்துக்கொண்டார். அதுவரை யாரும் அவரிடம் பாயைப் பற்றிக் கேட்கவில்லையாம். 'நிலத்தில விடுங்கோ' என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

வோக்கரை மட்டும் நான் நேராகவே எதிர்த்தேன். அது நடையை முந்தச் செய்யாது. பிள்ளை கால்நுனியால் தள்ளிக்கொண்டு அடுப்படிக்கும் படிக்கும் பாய்ந்துவிடும். அதனால் நேர்ந்த காயங்களுக்காகவே கனடா 2004இல் வோக்கர் விற்பனையைத் தடைசெய்தது. மாமா அனுப்பிய காசு என்பதால் வீட்டில் சங்கடம். சில்லைக் கழற்றிவிட்டு அதை இருக்கையாகப் பாவிப்பதாகத் தாய் சொன்னாள். அதில் நான் தலையிடவில்லை.

அன்று பார்த்த மற்றப் பிள்ளை

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தங்கை தன் மகனை இடுப்பில் வைத்தபடி பக்கத்தில் நின்றாள். பேத்தியின் கிலுக்கட்டியை அவன் எட்டினான். அது அவனுக்கு இடப்பக்கம் இருந்தது. வலக்கை நெஞ்சைக் கடந்து இடப்பக்கம் போய் அதைப் பிடித்தது.

"பாருங்கோ மிஸ், எப்பவும் சோத்துக்கைதான். அக்காட மூத்தவனுக்குப் பீச்சங்கையைத் தட்டித் தட்டித்தான் பழக்கினது. இவனுக்குப் படிப்பிக்கவே தேவையில்ல," என்றார் அம்மம்மா. பெருமை அவர் முகத்தில் நிறைந்திருந்தது.

ஏழு மாதப் பிள்ளைக்குச் சோத்துக்கை இருக்கக் கூடாது. முதல் வயதுக்குள் எந்தப் பிள்ளையும் எந்தக் கை அருகில் இருக்கிறதோ அதனால் எட்டும். வலக்கைக்காரனா இடக்கைக்காரனா என்பது அதன் பிறகே தெளியத் தொடங்கும். அதற்கு முன்னமே ஒரு கையை மட்டும் பாவித்தால் மற்றக் கைக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அவன் இடக்கையை மட்டும் பாவித்திருந்தால் இந்த வீட்டில் எப்போதோ கவனித்துத் தட்டியிருப்பார்கள், கவலைப்பட்டிருப்பார்கள், கிளினிக்கில் சொல்லியுமிருப்பார்கள். ஒதுங்கியிருந்தது இடக்கை என்பதால் அது நல்ல குணமாகத் தெரிந்தது.

தாயிடம் கேட்டுவிட்டுப் பாயில் இருத்தினேன். இடக்கை விரல்கள் மூடியிருந்தன, பெருவிரல் உள்ளங்கைக்குள். வலக்கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் சாவிக்கொத்தைக் காட்டினேன். சிணுங்கினான், இடக்கை முழங்கையில் மடிந்தபடி எழுந்து வந்தது, விரல் விரியவில்லை. பக்கவாட்டில் சரித்தால் வலப்பக்கம் கையை ஊன்றினான், இடப்பக்கம் அப்படியே சாய்ந்தான். காலை உதைக்கும்போதும் இடது கால் குறைவாக. சட்டை போடும்போது இடக்கைதான் எப்போதும் சிக்கும் என்று தாய் தானாகச் சொன்னாள். சட்டை சின்னதாகிவிட்டது என்று நினைத்திருந்தாளாம்.

ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை இரண்டு மாதம் முதல் இரண்டு வயதுவரை பாவிக்கக்கூடியது. 26 அம்சங்கள், முழுப்புள்ளி 78. அவனுக்கு 61. புள்ளியைவிட முக்கியம், ஏழு அம்சங்களில் இடமும் வலமும் வேறுபட்டன. வளர்ப்புமுறை ஒரு பிள்ளையின் இரண்டு பக்கங்களையும் இப்படிப் பிரிக்காது. ஏணையும் இடுப்பும் தரைப்பயமும் உடலின் பாதியை மட்டும் தாக்குவதில்லை. 'அது அவங்கட வளர்ப்பு' என்று சொல்லி நகர்ந்துவிட இங்கே இடமில்லை.

அன்றே நோயின் பெயரைச் சொல்லவில்லை. இடக்கை வலக்கையைப்போல வேலைசெய்யவில்லை, காரணம் மூளையில் இருக்கலாம், குழந்தை நரம்பியல் வைத்தியர் பார்க்க வேண்டும், அதுவரை நாங்கள் காத்திருக்காமல் கைக்கு வேலை கொடுப்போம் என்று தாயிடமும் தகப்பனிடமும் சொன்னேன். அம்மம்மாவுக்கு அது நாவூறாகத்தான் பட்டது. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். அதைத் தடுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் வலப்பக்க மூளையில் பழைய இரத்த அடைப்பின் தழும்பு தெரிந்தது. பிறப்பை ஒட்டி நேர்ந்த பாரிசவாதம். அதனால் உடலின் இடப்பக்கத்தைத் தாக்கிய பெருமூளை வாதம். இப்படியான பிள்ளைகளில் பலர் பிறந்தவுடன் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. நாலைந்து மாதத்தின் பின், கையை வேண்டுமென்றே நீட்டத் தொடங்கும்போதுதான் வேறுபாடு வெளியே வரும். ஒரு வயது தாண்டும்வரை, சிலவேளை இரண்டு வயதுவரை பெயர் வைக்கப்படாமலே போவது உலகெங்கும் வழமை.

ஏன் காத்திருக்கக் கூடாது

முதல் வருடத்தில் மூளையின் பருமன் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை அதைவிட வேகமாக வளர்கிறது. கைகளை ஆளும் நரம்புப் பாதைகளிலும் இதே காலத்தில் ஒரு போட்டி நடக்கிறது. பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் எதிர்ப்பக்கக் கைக்கு மட்டுமல்ல, தன் பக்கத்துக் கைக்கும் நரம்பிழைகள் போகின்றன. வழமையாக எதிர்ப்பக்க இழைகள் ஓயாமல் வேலைசெய்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தன் பக்கத்து இழைகள் முதல் இரண்டு வருடங்களில் மெல்ல விலகும். வலப்பாதி காயப்பட்டு இடக்கை சும்மா இருந்தால் நிலைமை புரளும். காயப்பட்ட பக்கத்தில் மிஞ்சிய இழைகள் வேலையில்லாமல் தோற்றுப்போக, நல்ல பக்கத்து இழைகள் இடத்தைப் பிடிக்கும். அந்த ஏற்பாட்டில் கை வேலைசெய்யும், ஆனால் நேர்த்தி குறைவு. பூனைக்குட்டிகளில் செய்த பரிசோதனைகளில், நல்ல காலைக் கட்டுப்படுத்திப் பலவீனமான காலுக்கு ஆரம்பத்திலேயே பயிற்சி கொடுத்தபோது இழந்த தொடர்புகள் மீண்டன. பிந்திக் கொடுத்தபோது அந்த அளவு மீளவில்லை.

ஆகவே வளர்ப்பு மூளையைச் செதுக்கும் என்பது இவனுடைய விஷயத்தில் வெறும் பேச்சல்ல. ஒதுங்கிய கையை ஒதுங்கவிட்டுப் பாராட்டுகிற ஒவ்வொரு நாளும் அந்தப் போட்டியில் ஒரு பக்கத்துக்கு வாக்குப் போடுகிறது.

கைக்கு உறை

குழந்தைகளுக்கான சிகிச்சை எளியது: நல்ல கைக்கு மெல்லிய உறை போட்டு, ஒருநாளில் மொத்தமாக அரைமணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள், மற்றக் கைக்குப் பிடித்தமான விளையாட்டு. ஆறு கிழமை செய்து, ஆறு கிழமை விட்டு, மீண்டும் ஆறு கிழமை. செய்ய வேண்டியவர் தாயோ தகப்பனோ. நான் கிழமைக்கொருமுறை பார்ப்பேன். உறை ஒரு காற்சட்டைத் துணியில் தைத்தது.

சிக்கல் துணியில் இருக்கவில்லை. சோத்துக்கையைக் கட்டிவிட்டுப் பீச்சங்கைக்குப் பழக்கச் சொல்கிறீர்களா என்று அம்மம்மா கேட்டபோது அவர் குரலில் கோபம் இருந்தது. நியாயம்தான். அவர் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் செய்துவந்ததன் நேரெதிரை நான் கேட்டேன். கையில் பிஸ்கட் கொடுத்துப் பழக்குவதுதான் எங்கள் வழக்கமான தந்திரம். பசியும் ருசியும் நல்ல ஆசிரியர்கள். இந்த வீட்டில் அது நடக்காது. எனவே சோறு தீத்துவதும் பிஸ்கட்டும் வலக்கையோடு இருக்கட்டும், உறை நேரத்தில் உணவே வேண்டாம், இடக்கைக்கு விளையாட்டு மட்டும் என்று பேசி முடித்தோம். கிலுக்கட்டி, மணி கட்டிய காப்பு, கசங்கினால் சத்தம் போடும் பொலித்தீன் பை (பெரியவர் பார்த்திருக்கும்போது மட்டும்), தகப்பனின் மீன்வலையில் வந்த இலேசான மிதவைக் கட்டை. மிதவைதான் வென்றது. அவன் சின்னக் கைக்கு அளவு, உருண்டால் தேடுவான், வாயில் வைத்தாலும் ஒன்றுமில்லை.

இரண்டாம் கிழமைக்குப் பின் அம்மம்மாவும் பக்கத்தில் வந்து இருந்துகொண்டார். 'கை வீசம்மா' பாடும்போது இடக்கையைப் பிடித்து வீசினார். பாட்டுக்கும் கைகொட்டலுக்கும் எந்த வழக்கமும் தடையாக இல்லை; இரு கைகளும் சந்திக்கிற விளையாட்டு எதுவானாலும் எனக்கு மருந்துதான். முதற்பல் தெரிந்து பல்லுக்கொழுக்கட்டை அவித்தபோது, வெள்ளைத்துணியில் இருத்தித் தலையில் கொழுக்கட்டை சொரிந்து, முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி, பென்சில் என்று பரப்பினார்களாம். தாய் எடுத்த காணொளியைப் பார்த்தேன். பேனையை அம்மம்மா பேரனின் இடப்பக்கமாகத் தள்ளி வைக்கிறார். அவன் வலக்கையால்தான் எடுத்தான். கூடியிருந்தவர்களுக்குச் சந்தோஷம்; எனக்குப் பயன்பட்டது அடுத்த காட்சி, பேனையின் மூடியைக் கழற்ற இடக்கை வந்து மறுமுனையைப் பிடித்தது.

தொடர்ச்சி

பேத்தி பதினொன்றரை மாதத்தில் குண்டியால் அரக்கத் தொடங்கினாள், தகப்பனைப்போலவே. குப்புறக் கிடந்து கையை ஊன்றி நிமிரப் பழகினாள்; புரண்டாள்; கையிலும் முழங்காலிலும் தவழவே இல்லை. பதினாலு மாதத்தில் கதிரையைப் பிடித்து எழுந்தாள். ஊர்த் தச்சர் செய்த மர நடைவண்டியை அப்போதுதான் கொடுக்கச் சொன்னேன். பதினாறு மாதத்தில் தனியே நடந்தாள். நடை பழகுகிற பிள்ளைகளைத் தாராளமாக விளையாட விட்டு எண்ணிப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில் சராசரி மணிக்கு 2,368 அடிகளும் 17 விழுகைகளும் வந்தன. விழ விடுங்கள் என்று அம்மம்மாவுக்கு இதைச் சொன்னேன். "பதினேழா? இவள் அதைவிடக் கூட விழுறாள்," என்றார். பதினெட்டு மாத ஊசியோடு அவளை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

பேரன் இரண்டு சுற்று உறைச் சிகிச்சையையும் முடித்தான். இடக்கை முழுதாக விரியும். சின்னப் பொருளைக் கிள்ள வராது, பெரியதை அணைத்துப் பிடிக்கும், வலக்கைக்கு உதவியாக வரும். பதினேழு மாதத்தில் நடந்தான், இடக் குதிகால் தரையில் படாமல். கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் சிம்பு போட்டிருக்கிறது. உயரம் கூடும் காலங்களில் தசை எலும்புக்கு ஈடுகொடுக்காமல் இறுகும் என்பதால் பள்ளிக்கூடம் போகும்வரையும் அதற்குப் பிறகும் பார்க்க வேண்டியவன். வலிப்பு வரக்கூடிய வாய்ப்பைப் பற்றியும் பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறோம், இதுவரை வரவில்லை.

மூதூர்ப் பக்கத்துக் குடும்பநல உத்தியோகத்தர்களோடு இந்த இரண்டு பிள்ளைகளையும் வைத்துப் பேசினோம். தவழ்தலைக் குறிக்கிற இடத்தில், பிள்ளை நேற்று எங்கே இருந்தது, குளிப்பு காலிலா பேசினிலா என்று கேட்டு எழுதுகிறார்கள். ஆறாம் மாத ஊசிக்கு வரும்போது இரு பக்கமும் ஒவ்வொரு சாவிக்கொத்தை நீட்டி எந்தக் கை வருகிறது என்று பார்க்கிறார்கள். "எங்கட பிள்ளைக்கு இப்பவே சோத்துக்கை" என்று எந்த அம்மம்மாவாவது பெருமைப்பட்டால், அந்தக் கொப்பி அன்றே எங்களிடம் வருகிறது.